வற்றுக்கடலில் பெண் பார்க்க வந்தார்கள்

என் ஆசை அக்காவுக்கு,

எந்தக் கதையென்றாலும் முடிவை முதலில் கேட்பவள் நீ. "ஆள் தப்பினதோ, செத்ததோ? அதை முதல் சொல்லு, பிறகு ஆறுதலாய்க் கேப்பம்" என்பாய். படம் பார்க்கும்போதும் அப்படித்தான், ஊர்ச் சண்டையை விசாரிக்கும்போதும் அப்படித்தான். இந்தமுறை நான் சொல்லப்போவதில்லை. உன் மகளைப் பெண் பார்க்க வந்த கதை இது. வரிசைப்படிதான் சொல்வேன். பொறுத்திருந்து கேள். உனக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லைத்தானே?

நீ போகும்போது டிலானி சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை. இப்போது அதே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு, கொழும்புப் பக்கம் வேலை கிடைத்தும் போகாமல், இங்கே நம் அரிப்பு ஊருக்கே திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "அங்க பார் இல்லையே."

பார் என்றால் உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் வீட்டுக்குத் தெற்கே, கடல் வற்றும்போது மட்டும் முதுகைக் காட்டும் அந்தக் கற்பாறைத் திட்டு. அவளைக் கைக்குழந்தையாய் அங்கே தூக்கிக்கொண்டு போய், வெயிலில் சூடேறிய தண்ணீர்க் குழியொன்றில் இருத்திக் குளிப்பாட்டியவளே நீதான். "உப்பில ஊறின பிள்ளை பழுதாகாது" என்று சிரிப்பாய். ஊறியது ஊறியதுதான், அக்கா. அமாவாசையும் பறுவமும் வந்து கடல் நன்றாக உள்வாங்கினால் போதும், பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். குழிக்குக் குழி குனிந்து எது இருக்கிறது, எது போய்விட்டது, எது புதிதாய் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே திரிவாள். சில நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வரிசையாய்க் கூட்டிப்போவாள்.

இதுதான் கலியாணப் பேச்சுகளுக்கு இடைஞ்சலாய் வந்து நின்றது. மன்னார் ரவுணில் இருந்து வந்த ஒரு பேச்சில், மாப்பிள்ளைக்குப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கலியாணத்துக்குப் பிறகு இந்தக் கல்லில் திரிகிற வேலை வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா வந்தவ, எங்கள் விறாந்தையில் இருந்துகொண்டு டிலானியின் பாதத்தை உற்றுப் பார்த்தா. சிப்பி கீறிய தழும்புகள். "பொம்பிளைப் பிள்ளையின்ர கால் இப்பிடியோ?" என்று என்னைத்தான் கேட்டா. டிலானி தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவள், அதற்குப் பிறகு தட்டைத் தூக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கடைசி நாட்களில், புற்றுநோய்க் கட்டி உன் நெஞ்சை அடைத்துக் கதைக்கவும் கஷ்டப்பட்ட நேரத்தில், நீ என் கையை இழுத்து வைத்துக்கொண்டு சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? "அவளைக் கட்டி வைக்கிற வீட்டுக்குக் குடுத்திடாதே." அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்டபாடு. கட்டி வைக்காத வீடு எது என்று வெளியில் நின்று பார்த்து எப்படித் தெரியும்? பெண் பார்க்க வருகிற அன்று எல்லாரும் நல்லவர்கள்தானே.

சிலாவத்துறை சாதிக் நானாவை நினைவிருக்கும். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். கடையின் ஒரு பக்கம் வலையும் கயிறும், மறுபக்கம் உரமும் விதைநெல்லும். கடற்கரை ஆட்களும் வயல்காரரும் ஒரே வாங்கில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிற இடம் இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அவர்தான் போன மாதம் வந்து கதையைத் தொடங்கினார். நறுவிலிக்குளத்துப் பையன், பெயர் ஜூட். விவசாயப் போதனாசிரியர் வேலை, சொந்த வயலும் இருக்கிறது. தகப்பன் இல்லை, தாய் பிலோமினாவும் அவனும்தான்.

"நல்ல பொடியன் புள்ள. வந்தா விதைநெல்லைக் கையில எடுத்து மணந்து பாத்துட்டுத்தான் கதைப்பான். மத்தவன் வாயைப் பாத்துக் கதைக்கிறவன் இல்ல" என்றார் நானா.

நான் ஆசையாய்த்தான் டிலானியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"வரட்டும் சின்னம்மா. ஆனா வத்துக்கடல் நேரம் பாத்து வரச் சொல்லுங்கோ. நான் பாரில நிப்பன். அங்க வந்து பாக்கட்டும்."

"பைத்தியமோ உனக்கு? ஆரும் பொம்பிளை பாக்கக் கடலுக்க வருவினமோ?"

"தட்டோட நிக்கிறவளைப் பாத்துக் கட்டினா, பிறகு பாரில நிக்கிறவளைக் கண்டு ஏமாந்து போவினம். பாவம்தானே?"

நான் அத்தானைப் பார்த்தேன், உன் புருஷனை. வலையில் கண்ணை வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "பிள்ளை நேர்மையாய்த்தானே கதைக்குது." அவ்வளவுதான். உன் வீட்டில் எனக்கு எப்போது ஆதரவு கிடைத்தது?

நானா அவர்களுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு எனக்கு எடுத்தார். சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தார். "தம்பி உடன ஓமெண்டுட்டான். தாய்தான் 'கடலுக்கோ, கடலுக்கோ' எண்டு திரும்பத் திரும்பக் கேட்டா."

ஒரு சனிக்கிழமை காலை வந்தார்கள். நான் விடியமுன்னம் எழும்பிப் பயற்றம் பணியாரம் சுட்டு, முறுக்கும் பிழிந்து வைத்திருந்தேன். பாரில் பார்த்தாலும் வீட்டில் தின்னத்தானே வேண்டும்? நானாவின் வான் வண்டியில் இருந்து முதலில் இறங்கியது பிலோமினாதான். ஊதா நிறப் பட்டுச் சேலை, குதி உயர்ந்த செருப்பு, கோயில் பெருநாளுக்கு வந்தவபோல. பின்னால் ஜூட். நெடிய பையன், வெயிலில் கறுத்த முகம், புதிதாய்த் தேய்த்த காற்சட்டை.

"பிள்ளை எங்க?" என்றா பிலோமினா.

"பாருக்குப் போயிட்டா" என்றேன்.

"நாங்கள் பொம்பிளை பாக்க வந்தனாங்களோ, மீன் பாக்க வந்தனாங்களோ?"

அத்தான் படலையைத் திறந்துவிட்டு அமைதியாய்ச் சொன்னார்: "ரெண்டும் ஒரு இடத்திலதான் நிக்குது. வாங்கோ."

அக்கா, அந்த ஊர்வலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முன்னால் அத்தான், பின்னால் சாரத்தை மடித்துக் கட்டிய நானா, அதற்குப் பின்னால் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு காற்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிய மாப்பிள்ளை, கடைசியில் நானும் பிலோமினாவும். மணல் முடிந்து கல் தொடங்கும் இடத்தில் அவ நின்றுவிட்டா. ஈரமும் பாசியும் சறுக்கும். அவ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டா. நகம் பதிந்தது.

அன்று கடல் அப்படி வற்றிக் கிடந்தது. தண்ணீர் எங்கேயோ தூரத்தில் வெள்ளைக் கோடாய் நின்றது. பாரெல்லாம் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு வானம். கிட்டப் போய்க் குனிந்தால்தான் வானத்துக்குக் கீழே வீடு வாசல் தெரியும். கல்லோடு கல்லாய் ஒட்டிய சிப்பிகள், கறுப்பு ஊசியாய் விறைத்து நிற்கும் கடல்முள்ளிகள், அடுத்தவன் சங்கைத் தூக்கிக்கொண்டு அலையும் குட்டி நண்டுகள். வரி விழுந்த சின்ன மீன்கள் எங்கள் நிழல் பட்டதும் ஒரே வீச்சில் திசை மாறின. டிலானி முழங்காலில் இருந்தாள். தொப்பிக்குக் கீழே முகம் சிவந்து, கை நனைந்து, கன்னத்தில் சேறு. பெண் பார்க்க வந்தவர்களை அவள் கும்பிடக்கூட இல்லை.

"கொஞ்சம் மெல்ல வாங்கோ. இதில கடற்சாமந்தி விரிஞ்சிருக்கு" என்றாள்.

உண்மையாகவே சாமந்திப் பூப்போலத்தான் இருந்தது. பச்சையும் ஊதாவுமாய் இதழ்கள், தண்ணீரோடு அசைந்தன. ஜூட் அவளுக்கு எதிரே குந்தினான். விரலை மெதுவாய் வைக்கச் சொன்னாள். வைத்தான். இதழெல்லாம் விரலைச் சுற்றி மூடிக்கொண்டன. அவன் கையை வெடுக்கென்று இழுக்கவில்லை. அது தானாய் விடும்வரைக்கும் இருந்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

"உப்புத்தண்ணி ஏறினா எங்கட நெல்லுச் சாகும். மழை பெய்து இந்தக் குழிக்கை நல்லதண்ணி நிரம்பினா, இதுகளுக்கு என்ன நடக்கும்?"

டிலானி முதல்முறையாய் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "இவ்வளவு காலம் ஆரும் என்னட்டை இதைக் கேக்கேல்ல" என்றாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். எது மூடிக்கொள்ளும், எது ஆழத்துக்கு இறங்கும், எது தாங்காமல் செத்துப்போகும், மாரி முடிந்ததும் எது முதலில் திரும்பி வரும் என்று. அவன் வயல் வரம்பில் எலி வளையைப் பற்றிச் சொன்னான், தவளையைப் பற்றிச் சொன்னான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு, அக்கா, உன்னுடையதேதான். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, சத்தம் வருமுன்னமே தோள் குலுங்கும்.

நானாவும் சும்மா இருக்கவில்லை. ஒரு பெரிய கல்லைப் புரட்டி, "இதுக்குக் கீழ என்னமாச்சும் கிடக்கும்" என்று தேடினார். அங்கே ஒரு கடலட்டை சோம்பலாய்க் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, அது வெயிலில் கிடக்க, கல்லை அப்படியே மல்லாக்க விட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போய்விட்டார்.

பிலோமினாவுக்குக் கால் வலித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு தட்டைக் கல்லில் இருந்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதங்களைக் குழித் தண்ணீரில் வைத்தா. "சுகமாய்த்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்வது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குரல் மாறியது.

"பிள்ளை டிலானி. இஞ்ச ஒருக்கா வா. ஓடி வராதே, மெல்ல வா. ஆரோ என்ர காலைப் பிடிச்சிருக்கினம்."

எட்டிப் பார்த்தேன். கல்லிடுக்கில் இருந்து ஒரு பேய்க்கணவாய். எட்டுக் கையில் ஒன்றை நீட்டி அவவின் பெருவிரலைச் சுற்றியிருந்தது, இன்னொரு கையால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டிருந்தது. இந்தச் சம்மந்தமும் போயிற்று என்றுதான் நினைத்தேன். டிலானி சத்தம் போடாமல் போய் அவவுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

"அசையாதேங்கோ மாமி. ஒண்டும் செய்யாது. யோசிச்சுப் பாக்குது."

"என்னத்தை யோசிக்குது?"

"உங்களைத் தின்னலாமோ எண்டு."

"ஏலாதெண்டு சொல்லு" என்றா பிலோமினா, கண்ணை எடுக்காமல்.

நானா பின்னால் நின்று சிரித்து இருமினார். "கலியாணப் பேச்செண்டா பொம்பிளை வீட்டில இருந்து ஆராச்சும் மாப்பிள்ளையின்ர தாயின்ர காலைப் பிடிக்கத்தானே வேணும். இந்த வீட்டில அதுக்கும் ஆள் வச்சிருக்கினம்."

அத்தான் சிரித்தார். நான் சிரித்தேன். பிலோமினா சிரிக்கவில்லை. அவ குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தா. பேய்க்கணவாயின் கண்ணை நீ கிட்டப் பார்த்திருக்கிறாயா, சட்டிக்குப் போகுமுன்? அதுவும் நம்மைத்தான் பார்க்கும். அது விரலை விட்டது. செம்மண் நிறமாய் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறி, புள்ளி விழுந்து, பாசி நிறமாகி, கல்லோடு கல்லாய்ப் போய்விட்டது. அதே இடத்தில்தான் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

"எங்க போச்சு?" என்றா பிலோமினா.

"அங்கதான் இருக்கு மாமி. இந்தா, மூச்சு விடுறது தெரியுதோ?"

"ஓம். ஓம், தெரியுது." பிறகு சொன்னா: "கோடை முழுக்க இந்தக் கடற்காத்தில தான் நெல்லுத் தூத்துறனாங்கள். ஒரு நாளும் வந்து பாக்கேல்ல. கடலெண்டா ஆளைக் கொண்டுபோறதெண்டுதான் எங்கட வீட்டில சொல்லித் தந்தவை."

"கொண்டுபோறதும் உண்டுதான்" என்றார் அத்தான். அவருடைய தம்பி கடலில் போனது உனக்குத் தெரியும். "கொண்டுவாறதும் அதுதான்."

கடல் பெருகத் தொடங்கியது. குழிகளுக்கிடையில் தண்ணீர் நூல் நூலாய் ஓடி ஒன்றையொன்று பிடித்தது. டிலானி எல்லாரையும் திரும்பச் சொன்னாள். நாங்கள் மணலுக்கு வந்தபின் எண்ணிப் பார்த்தால் ஜூட்டைக் காணவில்லை. திரும்பினேன். அவன் தனியே பாரில் நின்றான், தண்ணீர் கணுக்காலில். சறுக்கிச் சறுக்கி, கைகளை விரித்துக்கொண்டு, நானா புரட்டிவிட்ட அந்தக் கல்லடிக்குப் போனான். குனிந்தான். கடலட்டை நசுங்காதபடி பார்த்து, கல்லை முன்பு இருந்ததுபோலவே கவிழ்த்து வைத்தான். பிறகு எங்களைப் பார்த்து நடந்து வந்தான், ஒன்றும் நடக்காதவன்போல. யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. டிலானி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

வீட்டில் பணியாரம் நன்றாய்ப் போனது. பிலோமினா பட்டுச் சேலையின் கரையெல்லாம் மணலோடு கதிரையில் இருந்து, பேய்க்கணவாயின் கதையை அங்கே நின்ற எங்களுக்கே திரும்பவும் சொன்னா. சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. டிலானி கிணற்றடியில் காலைக் கழுவிவிட்டு வந்தபோது, அவ குனிந்து பார்த்தா. பார்த்துவிட்டுத் தன் காலை நீட்டிக் காட்டினா. வெடித்த குதிக்கால், அரிவாள் பட்ட பழைய தழும்பு.

"வேப்பெண்ணெய் பூசு பிள்ளை. எனக்கு அதுதான் கேட்டது" என்றா.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கலியாணத்துக்குப் பிறகு இவள் பாருக்கு வருவாள், அது சரியோ என்று. ஜூட் தாயைப் பார்க்காமல், என்னைப் பார்த்துப் பதில் சொன்னான். "பள்ளிக்கூடமும் பாரும் இஞ்ச இருக்கு. வயலும் அம்மாவும் அங்க இருக்கினம். ஒண்டையும் இடம் மாத்த ஏலாது. நாங்கள்தான் போய் வர வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு நீந்தத் தெரியாது. அதை இப்பவே சொல்லிவிடுறன்" என்றான்.

"பழக்கலாம்" என்றாள் டிலானி.

அவர்கள் போனபின் சட்டிபானை கழுவிக்கொண்டு நின்றேன். அவள் வந்து பின்னால் நின்று என் தோளில் நாடியை வைத்தாள். சின்னப் பிள்ளையில் உனக்குச் செய்வதுபோல.

"சின்னம்மா, ஓமெண்டு சொல்லிவிடுங்கோ."

இதோ, அக்கா, நீ காத்திருந்த முடிவு. உன் மகளுக்குக் கலியாணம். தை மாதம், நம் கோயிலில்.

அத்தான் மறுநாள் விடியக் கடலுக்குப் போய் வந்து, நல்ல விளைமீனாய்த் தெரிந்தெடுத்து நறுவிலிக்குளத்துக்குக் கொடுத்தனுப்பினார். பின்னேரம் நான் சேமக்காலைக்கு வந்தபோது உன் கல்லறை கூட்டித் துப்புரவாய்க் கிடந்தது, மெழுகுதிரி பாதி எரிந்திருந்தது. முதலில் உன்னிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அப்படியானால் நான் இவ்வளவு நேரம் பொத்தி வைத்த முடிவு உனக்கு ஏற்கெனவே தெரியுமோ? தெரிந்துகொண்டுதான் தெரியாதவள்போல இருந்து கேட்டாயோ?

போன ஞாயிறு கோயிலில் முதலாவது ஓலை வாசித்தார்கள். சுவாமி கலியாண அறிவித்தலை எடுத்தார். மாப்பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர். பிறகு, "காலஞ்சென்ற ஜெசிந்தாவினதும் மகள் டிலானி" என்று கேட்டது. அக்கா, இத்தனை வருஷமாய் உன் பெயரை அந்தப் பீடத்தில் இருந்து வாசித்ததெல்லாம் மரித்தவர்களுக்கான பூசையில்தான். ஒவ்வொரு முறையும் நான் முக்காட்டை இழுத்து மூடிக்கொள்வேன். இந்தமுறை உன் பெயர் வாசிக்கப்பட்டபோது ஆட்கள் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். உன் பெயரைக் கேட்டு நான் சிரித்தேன். அது எவ்வளவு நல்ல பெயர் என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

கலியாணத்தன்று வீட்டிலிருந்து இறங்குமுன் தாய் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். யார் போடுவது என்று டிலானி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது உனக்கு வாக்குத் தருகிறேன். இரண்டு தரம் போடுவேன். முதலாவது உன்னுடையது. அதை அவசரப்படாமல், பெருவிரலை நன்றாய் அழுத்தி, நீ போடுவதுபோலவே போடுவேன். என்னுடையது அதற்குப் பிறகு.

உன் மகளுக்கு இன்னொரு தாயாகிப்போன,
உன் தங்கச்சி றோஸ்